தஞ்சாவூருக்கு ரெண்டு நாள் ஒதுக்குங்க

செமஸ்டர் பரீட்சை முடிஞ்சு ஊருக்குப் போனா, வீட்ல ஒரு வேலை நமக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். "நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, டூருக்கு பிளான் போடு." நீங்களும் போட்டிருப்பீங்க. மேப்பைத் திறந்து வெச்சுக்கிட்டு, விடியக்காலை ஸ்ரீரங்கம், ஒன்பது மணிக்கு மலைக்கோட்டை, பன்னிரண்டுக்கு கல்லணை, சாயந்திரம் பெரிய கோயில், ராத்திரி கும்பகோணம், மறுநாள் தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், சிதம்பரம், முடிஞ்சா பிச்சாவரம். மேப்ல பார்த்தா ஒவ்வொண்ணும் பக்கத்துலதான் இருக்கு. குறைஞ்ச நேரத்துல எத்தனை பாயிண்ட் தொட முடியும்னு கணக்குப் போடறதுல நமக்கு ஒரு சந்தோஷம் வேற. ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பேப்பர்ல வர்ற டிராவலிங் சேல்ஸ்மேன் கணக்கு மாதிரியே இருக்கும். ஒரே வித்தியாசம், அந்த சேல்ஸ்மேனுக்கு மூட்டுவலி கிடையாது.

இந்தக் கணக்கே தப்புங்கறதுதான் என் கட்சி. குடும்பத்தோட ரெண்டு நாள் போறதா இருந்தா ஒரே ஊருக்குப் போங்க. அந்த ஊரையும் வீட்லயே மெதுவா நடக்கறவங்க யாரோ, அவங்க காலுக்கு ஏத்த மாதிரி பாருங்க. மத்த எல்லாத்தையும் விட்டுடுங்க. விட்டா ஒண்ணும் குடி முழுகிப் போகாது.

ஏன் சொல்றேன்னா, சுற்றுலா ஊர்கள்ல வண்டி நிறுத்தற இடத்தை ஒரு தடவை கவனிச்சுப் பாருங்க. வரிசையா வேன் நிக்கும். பத்து வேன்ல ஏழெட்டுலயாவது கதவு பாதி திறந்திருக்கும். உள்ள ஒரு வயசான அம்மா, காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு, மடியில எல்லாரோட பையையும் வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் இங்கயே இருக்கேன்." முதல் கோயில்ல கூடவே வந்திருப்பாங்க. ரெண்டாவதுல வாசல் வரைக்கும். மூணாவதுலேர்ந்து வேன்தான். நாம போட்ட பிளான்ல அவங்களுக்கு மூணாவது கோயிலுக்கு மேல இடமே இல்லை. இதுல கொடுமை என்னன்னா, நிறைய வீட்ல அந்த டூருக்கு முதல் பணம் குடுத்தவங்களே அவங்களாத்தான் இருப்பாங்க. முதியோர் பணத்துல மிச்சம் பிடிச்சதோ, ஒரு ஆட்டுக்குட்டி வித்ததோ, முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்ததை எடுத்து நம்ம கையில குடுத்துட்டு, வேனுக்குக் காவல் இருந்துட்டு ஊருக்குத் திரும்புவாங்க.

எங்க ஊர் கம்பைநல்லூர். அங்கிருந்து தஞ்சாவூர் போகணும்னா அரூர், மஞ்சவாடி கணவாய், சேலம், நாமக்கல், திருச்சின்னு சுத்திக்கிட்டுப் போகணும். நடுவுல நிறுத்தி இறங்கி ஏறி, கட்டிக்கிட்டு வந்த புளிசோத்தைப் பிரிச்சுச் சாப்பிட்டுப் போனா ஆறேழு மணி நேரம் ஆகும். போற வழியிலயே பாதி தெம்பு போயிடும். அதுக்கு மேல ஒரு நாளைக்கு அஞ்சு இடம்னு வெச்சா, யாருக்கு என்ன மிஞ்சும்? இந்தத் தடவை எங்க வீட்ல தஞ்சாவூர் மட்டும்னு முடிவாச்சு. அப்பா, அம்மா, ஆயா, சித்தி, தம்பி, நான். "அவ்ளோ தூரம் போயிட்டு ஒரே ஊரா?"ன்னு தெருவுல கேக்காதவங்க இல்லை. டிரைவர் அண்ணனுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. "சும்மா வழியில திருவையாறாவது போட்டுக்கலாம்ப்பா"ன்னு ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தாரு.

ஊர் போய்ச் சேர மதியம் ஆயிடுச்சு. அந்த நேரத்துல பெரிய கோயிலுக்குள்ள போறது வெயில் காலத்துல தண்டனை மாதிரி. சன்னதி பன்னிரண்டரை வாக்குல சாத்திடுவாங்க, திரும்ப நாலு மணிக்குத்தான். திறந்த வெளி முழுக்கக் கல் தரை, செருப்பு இல்லாம நடக்கணும். ஒரே நாள்ல அஞ்சு ஊர்னு வர்றவங்க பாதிப் பேர் அந்த நேரத்துலதான் மாட்டிக்குவாங்க. குதிகாலைத் தூக்கிக்கிட்டு நிழல் தேடி ஓடறதும், நந்தி முன்னாடி ஒரு போட்டோ எடுக்கறதும், வெளிய வர்றதுமா முடிஞ்சிடும். நாங்க லாட்ஜ்ல படுத்துத் தூங்கிட்டோம். (லிஃப்ட் இருக்குன்னு சொல்லித்தான் ரூம் குடுத்தாங்க. லிஃப்ட் இருந்துச்சு, ஓடலை. வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறவங்க "லிஃப்ட் இருக்கா"ன்னு கேக்காதீங்க, "கீழ் ரூம் இருக்கா"ன்னு கேளுங்க.) நாலரைக்கு மேல கிளம்பினோம்.

சாயந்திரம் அந்தக் கல் சூடு ஆறிக்கிட்டே வரும். ஊர்க்காரங்களே நிறைய பேர் வந்து சும்மா உக்காந்திருப்பாங்க, பசங்க ஓடிக்கிட்டு இருப்பாங்க. ஆயா திருச்சுற்று மாளிகைத் திண்ணையில உக்காந்துட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு எழுந்து விமானத்து அடிப்பக்கம் வந்து, சுவத்துல இருக்கற எழுத்தைக் கையால தடவிப் பார்த்தாங்க. "இவ்ளோ எழுத்து எழுதி வெச்சிருக்கானே, என்னா எழுதியிருக்கு?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நேரம் இருக்கற டூர்தான் டூர்னு நான் நினைக்கிறேன்.

பதில் ரொம்பவும் சுவாரசியமானது. ராஜராஜ சோழன் இந்தக் கோயிலை 1010ல் முடித்தார். அவர் கொடுத்தது, அவருடைய அக்கா குந்தவை கொடுத்தது, அரசிகள், அதிகாரிகள் கொடுத்தது என எல்லாமே கல்லில் வெட்டப்பட்டிருக்கு. தொல்லியல் துறையோட 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையில் இரண்டாம் தொகுதி பெரும்பாலும் இந்தக் கோயில் கல்வெட்டுகள்தான். ஹுல்ட்ஷ் பதிப்பிச்சார். இணையத்துல இலவசமாவே கிடைக்குது. கிளம்பறதுக்கு முன்னாடி கொஞ்சம் புரட்டிப் பாருங்க. அதுல ராஜா பெருமை மட்டும்தான் இருக்கும்னு நினைக்காதீங்க. ஒரு விளக்கு அணையாம எரிய எத்தனை ஆடு வேணும்னு எழுதியிருக்கு. ஒரு விளக்குக்கு 96 ஆடு. பசுவா இருந்தா 48, எருமையா இருந்தா 16. அந்த மந்தையை வாங்கிக்கிட்ட ஆள், தினமும் ஒரு உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கணும்.

இதைச் சொன்னதும் அப்பா நிமிர்ந்து உக்காந்துட்டாரு. எங்க வீட்ல ஆடு இருக்கு, அதனால அவருக்கு இது வரலாறு இல்லை, வரவு செலவு. "தொண்ணூத்தாறு ஆடா? மேய்க்கறதுக்கே ரெண்டு ஆள் வேணுமேடா." ஆயா கேட்டது இன்னும் நேரா இருந்துச்சு: "ஆடு செத்துப் போனா?" அதுக்கும் கல்வெட்டுல ஒரு சொல் இருக்கு. சாவா மூவாப் பேராடு. அதாவது சாகாத, கிழடாகாத ஆடு. நான் விளக்க வாயைத் திறக்கறதுக்குள்ள ஆயா சொல்லிட்டாங்க: "குட்டி போட்டதுல ஈடு கட்டிக்கணும்னு வெச்சிருக்கான். எண்ணிக்கை குறையக்கூடாது." அவ்வளவுதான் விஷயம். ஆராய்ச்சிக்காரங்க ஒரு பத்தியில சொல்றதை ஆடு வளர்த்தவங்க ஒரே மூச்சுல சொல்லிட்டாங்க.

அதே கோயில் சுவத்துல இன்னொரு நீளமான பட்டியல் இருக்கு. 400 தளிச்சேரிப் பெண்களோட பேர், எந்த ஊர்க் கோயில்லேர்ந்து வந்தாங்க, எந்தத் தெருவுல எந்தச் சிறகுல எத்தனையாவது வீடுன்னு கதவு எண் மாதிரி குறிச்சு வெச்சிருக்காங்க. ஒருத்தருக்கு ஒரு பங்கு, பங்குக்கு வருஷம் நூறு கலம் நெல். அதுக்கப்புறம் பாடறவங்க, மத்தளம் அடிக்கறவங்க, கணக்கு எழுதறவங்க, விளக்கு ஏத்தறவங்க, தண்ணி தெளிக்கறவங்க, குயவர், துணி வெளுக்கறவங்க, முடி வெட்டறவங்க, தையல்காரர், தச்சர்னு போகுது. முடி வெட்டறவருக்கு ராஜராஜப் பெருநாவிதன்னு பட்டம். கோயிலைக் கட்டின குஞ்சரமல்லன் பெருந்தச்சன் பேரும் இருக்கு. நம்ம காலத்துக் கட்டடத் திறப்பு விழாக் கல்வெட்டுல கொத்தனார் பேர் எங்கயாவது பார்த்திருக்கீங்களா?

சித்திதான் ரொம்ப நேரம் அந்தப் பக்கமே நின்னாங்க. அவங்க தையல் வேலை பார்க்கறவங்க.

இனி நம்ம துறைக்கு வருவோம். பெரிய கோயிலைப் பத்தி வாட்ஸ்அப்ல வர்ற "அதிசயம்" எல்லாத்தையும் நாமளே ஃபார்வர்டு பண்றோம். கோபுர நிழல் தரையில விழாது, உச்சியில இருக்கறது 80 டன் ஒரே கல், இப்படி. ஒரு ராத்திரி அங்க தங்கினா முதல் பொய் தானா உடைஞ்சிடும். மறுநாள் காலை ஆறரைக்கு நாங்க திரும்பப் போனோம். வெயில் கிழக்கேர்ந்து சாய்வா விழுது, விமானத்தோட நிழல் மேற்குப் பக்கம் நீளமா படுத்திருக்கு. தம்பி அந்த நிழலோட உச்சியில போய் நின்னு போட்டோ எடுத்துக்கிட்டான். ரெண்டாவது, அந்த எண்பட்டைச் சிகரம் ஒரே கல் இல்லை, பல துண்டுகளைச் சேர்த்து வெச்சது. இதைச் சொன்னா சில பேருக்குக் கோபம் வருது, சோழனோட பெருமையைக் குறைக்கறோமாம். எனக்கு நேர்மாறாத் தோணுது. ஏறக்குறைய 60 மீட்டருக்கு மேல, பதிமூணு நிலை, உள்ளே கூடா வெச்சு, சுவரை ரெண்டா எழுப்பி நடுவுல நடைபாதை விட்டு, ஆயிரம் வருஷமா நிக்குது. ஒரே கல்லை யானை வெச்சு இழுத்தாங்கன்னு சொல்லி முடிச்சுட்டா, துண்டுகளை அந்த உயரத்துல எப்படிப் பொருத்தினாங்கங்கற நிஜமான இன்ஜினியரிங் கேள்வியைக் கேக்கவே மாட்டோம்.

அந்த நடைபாதையில சோழர் காலத்து ஓவியம் இருக்கு. மேல நாயக்கர் காலத்துல வரைஞ்ச ஓவியத்துக்கு அடியில மறைஞ்சிருந்ததை 1931ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடிச்சார். மேல் நிலையில பரத நாட்டியக் கரணங்கள் 81 செதுக்கியிருக்கு. 108ல மிச்சம் 27க்கு இடம் விட்டு, கல் வெறுமையாவே நிக்குது. ஏன் நின்னுபோச்சுன்னு யாரும் எழுதி வைக்கலை. இந்த ரெண்டு இடத்துக்குள்ளயும் நம்மள மாதிரி வர்றவங்களைச் சாதாரணமா விடறதில்லை. ஆனா தெரிஞ்சுக்கிட்டு வெளிய நின்னு பார்க்கறதுக்கும் தெரியாம பார்க்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

மறுநாள் அரண்மனை. நாயக்கர் கட்டி மராத்தியர் வாழ்ந்த இடம். சரஸ்வதி மகால் நூலகத்தோட சின்ன காட்சியகம் உள்ளதான் இருக்கு. ரெண்டாம் சரபோஜி 1798லேர்ந்து 1832 வரைக்கும் இருந்தார். ராஜ்ஜியம் போனபிறகு புத்தகம் சேர்த்தவர்னு சொல்லலாம். 1799ல் ஆட்சியை கும்பினிக்காரன் எடுத்துக்கிட்டான், கோட்டையும் சுத்துப்பட்டும் மட்டும் இவருக்கு. கண் வைத்தியம் பார்த்த நோயாளிகளோட குறிப்பைக் கூட எழுதி வெச்சிருந்தார்.

கலைக்கூடத்துல திருவெண்காட்டு ரிஷபவாகன சிவன் இருக்கார். 1011ஆம் ஆண்டு வாக்குல வார்த்த செப்புத் திருமேனி. காளை மேல கையைச் சாய்ச்சுக்கிட்டு நிக்கற கோலம், ஆனா காளை இல்லை. காணாமப் போயிடுச்சு. அந்தக் கை மட்டும் இன்னும் சாய்ஞ்சே இருக்கு. சிலைக்கு முன்னாடி ஸ்டூல் மாதிரி ஏதும் கிடையாது, ஆயா சுவரோரமா உக்காந்து ரொம்ப நேரம் பார்த்தாங்க. தலைப்பாகை மாதிரி சுத்தியிருக்கற சடையில பாம்பு எங்க இருக்குன்னு தம்பிக்கு முதல்ல காட்டினது அவங்கதான். பதினொரு மணிக்கு சிதம்பரத்துல இருக்கணும்னு ஒரு பிளான் இருந்திருந்தா இது நடந்திருக்காது.

இப்போ உங்க பக்கத்துக் கேள்விகள். ஒண்ணு, "ஆயுசுக்கு ஒரு தடவை போறோம், எல்லாத்தையும் பார்த்துடலாமே." நியாயமாத்தான் தோணும். ஆனா எல்லாத்தையும் பார்த்துட்டு வந்தவங்க கிட்ட ஒரு மாசம் கழிச்சு, எந்தக் கோயில்ல எதைப் பார்த்தீங்கன்னு கேளுங்க. போட்டோவைப் பார்த்துட்டுக் கூட எந்த ஊர்னு சொல்ல முடியாது. இன்னொண்ணு, நவகிரகம் சுத்தறவங்க. கும்பகோணத்துலேர்ந்து ஒரே நாள்ல ஒன்பது கோயிலுக்கும் கூட்டிட்டுப் போற அரசு பஸ் 2024லேர்ந்து ஓடுது, 750 ரூபாய். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அது வேண்டுதல். ஒன்பதையும் தொட்டாத்தான் கணக்கு. சுத்திப் பார்க்கறது வேற வேலை. நாம ரெண்டையும் குழப்பிக்கிட்டு, சும்மா பார்க்கப் போற இடத்துலயும் வேண்டுதல் மாதிரி ஓடறோம்.

மூணாவது பணம். இதுதான் பெரிய கேள்வி, மழுப்ப மாட்டேன். ஒரு ராத்திரி ரூம் வாடகை கூடுதல் செலவுதான். ஆனா வேன் வாடகை ஓடற கிலோமீட்டருக்குத் தகுந்த மாதிரி ஏறும். ஒரே ஊர்ல நின்னுட்டா அது ஏறாது. ஊருக்குள்ள நாங்க வேனையே எடுக்கலை. 2021 மே மாசத்துலேர்ந்து சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, அது தஞ்சாவூருக்கும் சேர்த்துத்தான். எங்க ஆறு பேர்ல மூணு பேருக்கு இலவசம். ஆயா டவுன் பஸ் ஜன்னல் சீட்ல உக்காந்து வந்த சந்தோஷம் தனி. வேலைக்குப் போகாத ரெண்டு நாள் கூலி போகுதேங்கறது உண்மை. ஆனா அது அஞ்சு ஊர் போனாலும் போகத்தான் போகுது.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. நம்ம பசங்க நிறைய பேருக்கு வேலை கிடைச்சதும் அப்பா அம்மாவை யூரோப் கூட்டிட்டுப் போகணும்னு ஆசை இருக்கு. பத்து நாள்ல ஏழு நாடுன்னு பேக்கேஜ் விளம்பரம் ரீல்ஸ்ல வந்துக்கிட்டே இருக்கு. வேன் பஸ்ஸா மாறும், அவ்வளவுதான். அங்க இருக்கற பழைய ஊர்களே இந்த ஓட்டத்தைத் தாங்க முடியாம என்ன செய்யுதுன்னு பாருங்க. வெனிஸ் 2024 ஏப்ரல்லேர்ந்து, கூட்டம் அதிகமா வர்ற நாட்கள்ல, காலையில வந்துட்டு சாயந்திரம் போயிடறவங்க கிட்ட நுழைவுக் கட்டணம் வாங்க ஆரம்பிச்சது, 2024ல் அது 5 யூரோ. ஊர்ல ராத்திரி தங்கறவங்களுக்கு அந்தக் கட்டணம் கிடையாது. அந்தப் பழைய நகரத்துல 1951 வாக்குல ஒண்ணே முக்கால் லட்சம் பேர் குடியிருந்தாங்க. 2022ல் ஐம்பதாயிரத்துக்குக் கீழ போயிடுச்சு. பார்க்க வர்றவங்கதான் மிச்சம், வாழறவங்க கிளம்பிட்டாங்க.

ஏதென்ஸ் அக்ரோபோலிஸ்ல 2023 செப்டம்பர்லேர்ந்து ஒரு நாளைக்கு 20,000 பேர்தான்னு வரம்பு வெச்சாங்க. அதே வருஷம் ஜூலை வெயில்ல உச்சி நேரத்துல மூடியே வெச்சாங்க. நம்ம கோயில்ல மதியம் நடை சாத்தற பழக்கத்தை நினைச்சுக்குங்க. நடக்க முடியாதவங்க மேல ஏற 2020ல் புது லிஃப்ட் போட்டாங்க. இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு மேல பழைய பார்த்தெனான் இருக்கற பாறை மேலயே சக்கர நாற்காலி போகுதுன்னா, நம்ம ஊர்கள்லயும் முடியும். சிவில் படிக்கறவங்க யாராவது இதை புராஜக்டா எடுங்கப்பா. ஒரு கோயில் வாசல்ல ஆரம்பிச்சு, வண்டி நிறுத்தற இடம், கழிப்பறை, உக்கார நிழல், படி இல்லாத வழி, இது நாலையும் அளந்து ஒரு வரைபடம் போட்டாலே போதும். டிசைன் பண்ணக்கூட வேண்டாம், முதல்ல அளங்க.

பிளான் போடறவங்களுக்கு எங்க அனுபவத்துலேர்ந்து சிலது. பெரிய கோயிலுக்கு சாயந்திரம் ஒரு தடவை, விடியக்காலை ஒரு தடவை போங்க, ரெண்டும் வேற வேற கோயில் மாதிரி இருக்கும். அரண்மனைக் காட்சியகங்களுக்கு எந்த நாள் விடுமுறைன்னு முன்னாடியே கேட்டுக்குங்க. மதியம் தூங்குங்க, வெக்கப்படாதீங்க. தலையாட்டி பொம்மை வாங்கறதை ஊருக்குக் கிளம்பற கடைசி நேரத்துல வெச்சுக்குங்க, இல்லைனா வேன்ல தலை தனியாயிடும். முக்கியமா, பிளான் போட உக்காரும்போது அந்த வயசானவங்களையும் பக்கத்துல உக்கார வெச்சுக்குங்க. "உனக்கு எதைப் பார்க்கணும்"னு ஒரு தடவை கேளுங்க.

எங்க ஆயா கிட்ட அடுத்த லீவுக்கு எங்க போலாம்னு கேட்டேன். நம்ம பக்கத்துக் காட்டுல வேடியப்பன்னு கும்பிடறோமே, வில்லும் கத்தியும் பிடிச்ச ஆளைச் செதுக்கின கல்லு, அதுலயும் எழுத்து இருக்குதே, அது என்னான்னு படிக்கணுமாம். அதெல்லாம் நடுகல், ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவங்களுக்கு நட்டது, தர்மபுரி மியூசியத்துல வரிசையா நிக்குதுன்னு சொன்னேன். அப்போ அங்கேயே போலாம்னுட்டாங்க. வேன் வேண்டாம், ரூம் வேண்டாம். களி கிண்டிச் சாப்பிட்டுட்டு டவுன் பஸ் ஏறினா வேலை முடிஞ்சுது. தம்பி மட்டும் அது டூரே இல்லைன்னு சொல்லிக்கிட்டு இருக்கான்.